மூன்று தடவை சொன்னேன்

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அண்ணனிடம் மூன்று தடவை சொன்னேன். ஒரு தடவை போனில், ஒரு தடவை நேரில், மூன்றாவது தடவை முந்தின நாள் சாயங்காலம், அதுவும் அவன் குடிக்காமல் இருந்த நேரமாகப் பார்த்து, எதிரே உட்கார்ந்து, "நாளைக்குக் காலையில எட்டு மணி, நீ கண்டிப்பா வரணும்" என்று. "சரி, வந்துடுறேன்" என்றான். வரவில்லை. மத்தியானம் போன் செய்து கேட்டால், "ஏன், அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்கிறான். "சத்தியமா நீ என்கிட்ட சொல்லவே இல்ல" என்று அடித்துச் சொன்னான். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பெற்ற தாய்மேல்கூட அக்கறை இல்லாதவன், குடிக்கிற நேரம் மட்டும் மறக்காதா உனக்கு, இன்னும் என்னென்னவோ. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "நீ சொன்னியா?" என்று மட்டும் கேட்டான். நடிக்கிறான் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

அவன் நடிக்கவில்லை என்று எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுது, பேரு மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. அவன் சொன்ன வாக்கை நம்பாதே என்பதற்காகச் சொல்வது. ஆனால் அவனிடம் நாம் பேசிய பேச்சும் அதே மாதிரி விடிந்ததும் போய்விடுகிறது என்பதையும், நாள்பட்ட குடியில் இது போதை இல்லாத நாட்களிலும் நடக்கிறது என்பதையும் எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அதோடு டிப்ரஷனும், அதாவது மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பது அடியோடு தெரியாது. அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. மனச்சோர்வால் குடித்தானா, குடித்ததால் மனச்சோர்வு வந்ததா என்று நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து சண்டை போட்டதுதான் மிச்சம்.

முதல் தடவை சிகிச்சைக்குப் போன இடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சேர்ந்த நான்காம் நாளே கவுன்சலிங் ஆரம்பித்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பு மாதிரி. குடி நோய் என்றால் என்ன, ஆசை வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழ்நிலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று நல்ல விஷயங்கள்தான். அடுத்த நாள் கேள்வி கேட்பார்கள். அண்ணனுக்கு எதுவும் வராது. "ஒத்துழைப்பு இல்லை, மாற வேண்டும் என்கிற எண்ணம் குறைவு" என்று அவனுடைய கோப்பில் எழுதியிருந்தார்கள். நாங்களும் தலையாட்டினோம். எங்களுக்கும் அப்படித்தானே தெரிந்தது. வெளியே வந்து மூன்று வாரத்தில் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தான்.

இரண்டாவது தடவை போன இடத்தில், குடி நின்று ஐந்து வாரம் ஆன பிறகு, ஒரு உளவியலாளர் அவனுக்கு நினைவாற்றல் சோதனை வைத்தார். அதுவரை ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரங்களில் மூளை இன்னும் தெளிந்திருக்காது, தூக்கம் சரியாக இருக்காது, நடுக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகளே ஞாபகத்தை மந்தமாக்கும், அப்போது சோதித்தால் வருகிற மதிப்பெண் அந்த மனிதருடையது ஆகாது என்றார். நான்காம் நாள் வகுப்பு எடுத்தவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

சோதனை என்றதும் ஏதோ இயந்திரம், ஸ்கேன் என்று நினைத்தேன். கிடையாது. ஒரு பேனா, ஒரு தாள், வாயால் வாசிக்கிற சொற்கள், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆந்த்ரே ரே என்ற உளவியலாளர் 1940-களில் போட்ட அடித்தளத்தில் வந்த சோதனை இது. உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத 15 சாதாரணச் சொற்களை, நொடிக்கு ஒன்று என்கிற வேகத்தில் வாசிப்பார்கள். கேட்டுவிட்டு ஞாபகம் இருப்பதைச் சொல்ல வேண்டும், எந்த வரிசையில் வேண்டுமானாலும். அதே பட்டியலை மறுபடி வாசிப்பார்கள், மறுபடி சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை. அதற்குப் பிறகு வேறு 15 சொற்கள் உள்ள புதுப் பட்டியல் ஒன்று, குழப்புவதற்காகவே. அது முடிந்ததும் பழைய பட்டியலைக் கேட்பார்கள். அப்புறம் அரை மணி நேரம் வேறு ஏதாவது வேலை கொடுத்துவிட்டு, திரும்பவும் பழைய பட்டியல், இந்த முறை வாசித்துக் காட்டாமல். கடைசியாக, பழைய சொற்களும் புதுச் சொற்களும் கலந்து கொடுத்து, இதில் முதல் பட்டியலில் இருந்தவை எவை என்று கேட்பார்கள். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். நாளைக்கு இதே சோதனையை எழுதப் போகிற யாரோ இதைப் படிக்கலாம்.

ஐந்து முறை ஏன் வாசிக்கிறார்கள் என்றால், முதல் முறை எத்தனை சொன்னான் என்பது பெரிய விஷயம் இல்லையாம். யாராக இருந்தாலும் முதல் சுற்றில் ஆறேழு சொற்கள்தான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கூடுகிறது என்பதுதான் கற்றல். நடுத்தர வயதில் உடல்நலத்தோடு இருக்கிற ஒருவர் ஐந்தாவது சுற்றுக்கு வரும்போது சுமாராகப் பன்னிரண்டு, பதின்மூன்று சொல்லிவிடுவார். காதால் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன்னுடையதாக்கிக்கொள்கிற திறன் இது. மொழிவழிக் கற்றல் என்கிறார்கள்.

சோதனை நடந்தபோது என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அண்ணன் சம்மதித்த பிறகு, அந்தத் தாளை எங்கள் இருவருக்கும் எதிரே விரித்து வைத்து அந்த உளவியலாளர் விளக்கினார். பென்சிலில் சின்னச் சின்ன டிக். முதல் சுற்றில் நான்கு. இரண்டில் ஐந்து. மூன்றில் ஆறு. நான்கில் ஆறு. ஐந்தாவதில் மறுபடி ஐந்து. ஏற வேண்டிய கோடு ஏறவே இல்லை, தரையில் கிடந்தது. புதுப் பட்டியலுக்குப் பிறகு மூன்று. அரை மணி கழித்து ஒன்றே ஒன்று. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்: "தெரியல." கீழே இன்னொரு தடவை: "தெரியல, விடுங்க." தாளின் ஓரத்தில் தனியாக நான்கைந்து சொற்கள் இருந்தன, எந்தப் பட்டியலிலும் இல்லாதவை, அவனாகச் சொன்னவை. கடைசிப் பகுதியில், கலந்து கொடுத்த சொற்களில் முதல் பட்டியலைச் சேர்ந்தவை பதினொன்றைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தான். ஆனால் இரண்டாவது பட்டியலில் வந்தவை, எங்குமே வராதவை என்று ஏழு சொற்களுக்கும் "ஆமாம், இருந்தது" என்றிருந்தான்.

அந்த ஒரு தாளில் இரண்டு நோய்களும் கையெழுத்துப் போட்டிருந்தன என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்ன விளக்கம் இதுதான், கூடவே இது பொதுவான போக்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் எச்சரித்தார். மனச்சோர்வு மட்டும் இருக்கிறவருக்கு, தானாக யோசித்துச் சொல்லச் சொன்னால் வராது, "தெரியல" என்று சீக்கிரம் கைவிட்டுவிடுவார். ஆனால் சொல்லைக் காட்டி இது இருந்ததா என்று கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். அதாவது சொல் உள்ளே போயிருக்கிறது, எடுத்து வரத் தெம்பு இல்லை. நாள்பட்ட குடியில், உள்ளே போவதே குறைகிறது. போனதும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகிறது, இல்லாத சொல் இருந்ததாகத் தோன்றுகிறது, எது எந்தப் பட்டியலில் வந்தது என்கிற அடையாளம் அழிந்துவிடுகிறது. அண்ணனிடம் இரண்டும் இருந்தன. "தெரியல, விடுங்க" மனச்சோர்வின் குரல். ஓரத்தில் எழுதியிருந்த அந்த இல்லாத சொற்கள் குடியின் குரல்.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தான். "அப்போ எனக்குப் புத்தி கெட்டுப் போகலையா?" என்று கேட்டான். நாற்பத்தாறு வயது மனிதன். இத்தனை நாள் இந்தப் பயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அந்தப் பயத்துக்காகவும் சேர்த்துக் குடித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு நான் நிறைய படித்தேன், டாக்டரிடம் நிறைய கேட்டேன். தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

மூளையின் இரண்டு பக்கமும், காதுக்குச் சற்று உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. இன்றைக்கு நடந்ததை நாளைக்கும் ஞாபகம் இருக்கும்படி பதிய வைக்கிற வேலையில் அதற்குப் பெரிய பங்கு. 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அந்தப் பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 2008-இல் இறக்கும் வரை அவருக்குப் புது நினைவுகள் ஏறக்குறைய எதுவுமே தங்கவில்லை. பழைய கதைகள் இருந்தன, பேச்சு இருந்தது, புத்திக்கூர்மை இருந்தது. புதிதாகச் சந்தித்தவரை மட்டும் அடுத்த முறை தெரியாது.

மது இதே இடத்தைத் தற்காலிகமாக முடக்குகிறது. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று இணைப்பை பலப்படுத்திக்கொள்ளும்போதுதான் நினைவு பதிகிறது, அதற்கு, செல்களின் மேல் இருந்து செய்தியை வாங்கிக்கொள்கிற என்எம்டிஏ என்கிற ஏற்பிகள் வேலை செய்ய வேண்டும், மது அவற்றைத் தடுக்கிறது, கூடவே மூளையை அமைதிப்படுத்துகிற காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அதிகமாக்குகிறது. அதனால்தான் வேகமாக, நிறையக் குடித்தவர் பேசுகிறார், நடக்கிறார், சண்டை போடுகிறார், வாக்குக் கொடுக்கிறார், மறுநாள் எதுவுமே நினைவில் இல்லை. பிளாக் அவுட் என்று சொல்கிறோமே, அது இது. மயங்கி விழுவதைச் சொல்லவில்லை, விழித்திருக்கும்போதே பதிவு நின்றுபோவது. இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கிற பாதிச் சண்டைகளில் "நான் அப்படிப் பேசவே இல்லை" என்று அவன் சொல்வதும், "நீ பேசினாய், நான் கேட்டேன்" என்று நாம் சொல்வதும், இரண்டுமே அவரவருக்கு உண்மை. பதியாத ஒன்றை எவ்வளவு அதட்டினாலும் யாராலும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது.

வருடக்கணக்காகக் குடிக்கும்போது நடப்பது வேறு. மூளையின் முன்பகுதி அடிவாங்குகிறது. திட்டமிடுவது, வகை பிரிப்பது, தவறு செய்தால் உடனே கவனித்துத் திருத்திக்கொள்வது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. பதினைந்து சொற்களைக் கேட்டால், நமக்கே தெரியாமல் நாம் ஒரு உத்தி செய்கிறோம். இது வீட்டுப் பொருள், இது உடல் உறுப்பு, இது வெளியில் இருப்பது என்று மனதுக்குள் கூறு கட்டி வைத்துக்கொள்கிறோம். அந்தக் கூறு கட்டும் வேலை நடக்காவிட்டால் சொற்கள் உதிரியாகக் கிடந்து அப்படியே போய்விடும். தூக்கமும் கெட்டுவிடுகிறது. குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பான் அண்ணன். சீக்கிரம் தூங்குவது உண்மை. ஆனால் கனவு வருகிற ஆர்இஎம் தூக்கம் இரவின் முதல் பாதியில் குறைந்து, இரண்டாம் பாதி துண்டு துண்டாகி, விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். பகலில் கேட்டதும் படித்ததும் தூக்கத்தில்தான் உறுதிப்படுகின்றன. அந்த வேலைக்கும் இடைஞ்சல்.

இதில் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று வைட்டமின் பி1, அதாவது தயமின். அதிகம் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் மதுவால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உடம்பில் இருக்கிற இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் மூளையின் உட்பகுதிகள் சேதமாகும். மனக்குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டமான நடை என்று இதன் அறிகுறிகளை 1881-இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். கொடுமை என்னவென்றால், இந்த மூன்றும் சேர்ந்து தெரிகிறவர்கள் சிறுபான்மைதான், பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும், அதைப் போதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உடனே தயமின் ஊசி போட்டால் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் பலருக்கு அது நிரந்தர ஞாபக இழப்பில் போய் முடிகிறது. அதை 1887 வாக்கில் விவரித்தவர் ரஷ்ய மருத்துவர் செர்கே கோர்சகோவ். அந்த நிலையில் இருப்பவர்கள் விட்டுப்போன நினைவுகளுக்குப் பதிலாக நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள், மனதறிந்து பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அது நடந்ததாகவே தோன்றுகிறது. அண்ணனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டாவது இடத்தில் சேர்த்த அன்றே முதலில் போட்டது தயமின் ஊசிதான், குளுக்கோஸ் ஏற்றுவதற்கும் முன்னால். அந்த டாக்டருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, மனச்சோர்வுக்கு வருகிறேன். இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

மனச்சோர்வில் இருக்கிறவருக்கு நினைவு குறைவது கவனம் இல்லாததால் என்று சொல்லிவிடலாம், ஆனால் கவனம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மனதில் ஒரே நேரத்தில் கொஞ்சம் விஷயங்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்தச் சின்ன இடத்தை, "என்னால் எல்லாருக்கும் கஷ்டம்", "நான் எதற்கும் லாயக்கில்லை", "இனிமேல் என்ன இருக்கிறது" என்கிற நினைப்புகள் நாள் முழுவதும் அடைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகின்றன. எதிரே ஒருவர் எட்டு மணி என்று சொன்னால், அந்த எட்டு உட்கார இடம் இல்லை. மன அழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கிற கார்டிசால் என்கிற ஹார்மோன் நீண்ட நாள் அதிகமாக இருப்பது ஹிப்போகாம்பஸுக்கு நல்லதல்ல, நாள்பட்ட மனச்சோர்வு உள்ளவர்களிடம் சராசரியாக அந்தப் பகுதி சற்றுச் சிறியதாக இருப்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒருவருடைய ஸ்கேனை மட்டும் பார்த்து இவருக்கு மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இது எனக்கு மிகவும் வலித்தது. மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் கவனித்த விஷயம். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம், ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு தொடர்புள்ள ஒரு குறிப்பிட்ட நாளை, ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னால், அவர்கள் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்கிறார்கள், சம்பவமாக வருவதில்லை. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு இருப்பதைப் பின்னால் பல ஆய்வுகள் உறுதிசெய்தன. இதைப் படித்துவிட்டு, அண்ணனிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன், "சந்தோஷமா இருந்த ஒரு நாளைச் சொல்லு அண்ணா" என்று. "சின்ன வயசுல எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்றான். "ஒரே ஒரு நாள். என்ன நடந்ததுன்னு சொல்லு." யோசித்தான். "எல்லாரும் ஒண்ணா இருப்போம்ல, அப்போ." மறுபடி கேட்டேன். "அப்பா இருந்தப்போ." அதற்கு மேல் வரவில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் கையை விட்டுவிட்டு, தெருமுனையில் நின்று கைதட்டினான். முழங்கையில் ரத்தம் வந்தது கூடத் தெரியாமல் சிரித்தோம். அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. அவனிடம் அது "சின்ன வயசுல எல்லாம்" என்று ஆகியிருந்தது. நான் அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பச்சை கலர் சைக்கிள்" என்றான். உள்ளேதான் இருந்திருக்கிறது. யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்திருக்கிறது.

இரண்டு நோயும் சேரும்போது ஒன்றுக்கொன்று தீனி போடுகின்றன. மறக்கிறான், திட்டு வாங்குகிறான், தன்மேலேயே வெறுப்பு வருகிறது, அந்த வெறுப்பைத் தாங்க முடியாமல் குடிக்கிறான், குடித்ததால் மறுபடி மறக்கிறான். எது முதலில் என்ற எங்கள் சண்டைக்கு டாக்டர் எளிமையாகப் பதில் சொன்னார். குடியே ஒருவரை மனச்சோர்வு உள்ளவர்போல் ஆக்கிவிடும், குடியை நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆனால் பலருக்கு அது நன்றாகவே குறைந்துவிடும், அப்படிக் குறையாவிட்டால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும் என்றார். தற்கொலை எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அண்ணனுக்கு நான்கு வாரம் கழித்தும் பாதி மிச்சம் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். கூடவே தைராய்டு, பி12, தலையில் எங்காவது அடிபட்டதா என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். குடிப்பவர் மறக்கிறார் என்றதும் எல்லாப் பழியையும் குடிமேல் போட்டுவிட்டு வேறு எதையும் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். குடிநோய்க்குச் சிகிச்சை என்று நாம் கொடுப்பதில் மருந்து ஒரு பங்குதான், மீதி எல்லாம் சொல். கவுன்சலிங் சொல், குழுக்கூட்டம் சொல், டாக்டர் கொடுக்கிற அறிவுரை சொல், மனைவி அழுதுகொண்டே சொல்வது சொல், தங்கை திட்டுவதும் சொல். எந்தத் திறன் மிக மோசமாகப் பழுதாகியிருக்கிறதோ, அதன் தலையிலேயே மொத்தச் சிகிச்சையையும் ஏற்றி வைக்கிறோம். பிறகு அவன் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்று கோபப்படுகிறோம். கால் உடைந்தவனை மாடிக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வது மாதிரி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்காக 1935-இல் ஆரம்பித்த அமைப்பு. அங்கே இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்கிற மாதிரியான சின்னச் சின்ன வாக்கியங்களை ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முன்பெல்லாம் ஏன் இப்படி ஒன்றையே சொல்கிறார்கள் என்று சலிப்பாக இருந்தது. இப்போது அதன் அருமை தெரிகிறது. அண்ணனுக்குத் தங்கியவை அந்த வாக்கியங்கள்தான்.

அந்த உளவியலாளர் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் சிலதை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும். சொன்னதும் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது, அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். அதைச் சிறுபிள்ளையிடம் கேட்கிற தொனியில் கேட்டால் அவமானமாகிவிடும், அண்ணி அதை அழகாகச் செய்தார், "எனக்கே மறந்துடும், நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்பார். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவன் திணறினால், யோசி யோசி என்று வற்புறுத்தாமல் விடையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நினைவு பழுதானவர் தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே பதிந்துவிடும். அப்புறம் ஒரு நோட்டு. சட்டைப்பையில் அடங்குகிற அளவு, நூலில் கட்டிய பேனாவோடு. போனில் எழுதலாமே என்றேன். "போனை எடுத்தா வேற எங்கேயோ போயிடுறேன்" என்றான். முதல் மாதம் நோட்டில் எழுதுவதையே மறந்தான். தினமும் ஒரே நேரத்தில், காலையில் மாத்திரை போட்டதும் நோட்டைத் திறப்பது என்று பழக்கியபோதுதான் அந்தப் பழக்கம் நிலைத்தது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. இதைப் படித்துவிட்டு, நினைவு திரும்ப வேண்டும் என்பதற்காக, வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடிக்கிற ஒருவரை நாளைக் காலையிலிருந்து வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைத்துவிடாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிற கடுமையான குழப்ப நிலை வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில் நிறுத்த வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அதே மாதிரிச் சோதனையை, வேறு சொற்களோடு வைத்தார்கள். நான்கு, ஆறு, எட்டு, எட்டு, பத்து. கோடு ஏறியிருந்தது. அரை மணி கழித்து ஏழு. இல்லாத சொல் ஓரத்தில் ஒன்றுதான் இருந்தது. குடியை நிறுத்தினால் மூளை ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும், முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஒரு வருடத்துக்கு மேலும்கூட முன்னேற்றம் இருக்கும், எல்லாருக்கும் முழுமையாகத் திரும்பிவிடாது, வயதும் குடித்த காலமும் இடையில் எத்தனை தடவை திரும்பக் குடித்தோம் என்பதும் பொறுத்தது என்று அந்த உளவியலாளர் சொன்னார். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் தாளையும் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அந்த "தெரியல, விடுங்க"வின் மேல் விரலை வைத்து, "இதை நான் சொன்னேனா?" என்று கேட்டான். அந்தச் சோதனை நடந்த நாளே அவனுக்கு ஞாபகம் இல்லை.

இடையில் ஒரு தடவை குடித்தான். நான்காவது மாதம், இரண்டு நாள். அதை மறைக்க விரும்பவில்லை, அவனும் மறைக்கச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி நோட்டில் அவனே எழுதி வைத்திருந்தான், கையெழுத்து கோணல்மாணலாக, டாக்டர் நம்பரும் "காலையில் போன் பண்ணு" என்ற ஒரு வரியும். காலையில் அதைப் பார்த்துத்தான் போன் செய்திருக்கிறான்.

போன வாரம் அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை. முந்தின நாள் ராத்திரி எனக்குப் போன் வந்தது. "நாளைக்கு அம்மாவுக்குக் கண்ணு. நான் நேரா அங்க வந்துடுறேன், நீ அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு" என்றான். நான் பேச்சு வராமல் இருந்தேன். "எட்டா, எட்டரையான்னு மட்டும் சந்தேகமா இருக்கு, இரு, நோட்டைப் பார்த்துச் சொல்றேன்" என்று போனை அணைக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். செருப்புச் சத்தம் கேட்டது. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.